வாசலில் பூத்திருக்கும் செந்நிறச் செடி எது?

(பாசிர் பெனம்பாங் வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஒரு பூச்செடியின் பெயரைப் பற்றிப் பேசுவதற்கு இத்தனை பேர் கூட வேண்டுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். சம்பளம், வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று பேச வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே பூச்செடி ஒரு பொருளா என்று கேட்கவும் கூடும். ஆயினும் பிள்ளைகள் விளையாடும் வாசலில், கைக்கு எட்டும் உயரத்தில், பெயர் தெரியாத ஒரு செடி பூத்துக் காய்த்துக்கொண்டிருக்கிறது என்றால், அதன் பெயரைக் கேட்டறிவது வீண்வேலை ஆகாது. பெயர் தெரிந்தால் குணம் தெரியும். குணம் தெரிந்தால் அதனிடம் எவ்வாறு நடந்துகொள்வது என்பதும் தெரியும்.

நாம் குறிப்பிடும் செடியை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு, சில இடங்களில் ஆளுயரத்திற்கும் மேலாகப் புதர்போல் வளர்கிறது. கிளை நுனிகளில் கொத்தாகப் பூக்கிறது. ஒவ்வொரு பூவும் ஏறக்குறைய இருபது காசு நாணயத்தின் அகலம், ஐந்து இதழ்கள், நல்ல செக்கச்சிவப்பு நிறம், நடுவில் மஞ்சள் நிறப் பொடி. மழைக்காலம், வெயிற்காலம் என்ற வேறுபாடின்றி ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டே இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் அதனைச் சுற்றிவருகின்றன. யாரோ ஒருவர் ஒரு கிளையை ஒடித்துக் கொடுக்க, இன்னொருவர் அதனை நட்டு வளர்க்க, இவ்வாறே வாசலுக்கு வாசல் பரவியிருக்கிறது. பெயர் கேட்டால் ஒருவர் வெட்சி என்பார். ஒருவர் செம்பருத்தியில் ஒரு சாதி என்பார். மற்றொருவர் அரளி என்று உறுதியாகச் சொல்வார். மூவரும் ஒரே செடியைத்தான் பார்க்கிறார்கள்.

இந்த வட்டாரத்திற்குச் சிவந்த பூக்கள் புதியவை அல்ல. பாசிர் என்றால் மணல். பெனம்பாங் என்றால் கூலிக்கு ஆட்களை அக்கரை சேர்க்கும் படகு. சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இவ்விடத்தில், அக்கரையில் கோலசிலாங்கூர் பட்டணமும் மெலாவத்திக் குன்றும் நிற்க, இக்கரையில் மீன்பிடி படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஆற்றின் மேற்பகுதியில் கம்போங் குவாந்தான் பக்கம் மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரத்தின் பூவிலும் செந்நிறம் உண்டு. ஆனால் அஃது இரவில் மலர்ந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடுவதால் நம்மில் பலர் அதனைக் கண்டதே இல்லை. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007-ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய பகுதிகளின் தோட்டங்களில், லயத்து வீட்டின் முன் நாலைந்து பூச்செடிகள் இல்லாத குடும்பம் அரிது. பால் மரங்கள் அழிந்து செம்பனை வந்த இடங்களிலும், லயங்கள் இடிக்கப்பட்டு மக்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த இடங்களிலும், பூந்தொட்டிகள் மட்டும் கூடவே போயிருக்கின்றன.

பூவின் நிறத்தை வைத்துச் செடியை அடையாளம் காண முயல்வதே குழப்பத்திற்கு முதற்காரணம். சிவப்பு என்பது ஒரு சட்டை போன்றது. யார் வேண்டுமானாலும் அணியலாம். ஒரே செடியில் வெள்ளையும் சிவப்பும் மஞ்சளுமாக வகைகள் இருப்பதையும், தொடர்பே இல்லாத செடிகள் ஒரே சிவப்பில் பூப்பதையும் நாம் அறிவோம். ஆகவே, செடியை அறிய விரும்புகிறவர் பூவை ஒரு கணம் மறந்துவிட்டு, முதலில் இலையைப் பார்க்க வேண்டும். இலை எப்படி இருக்கிறது என்பதைவிட, கிளையில் எவ்வாறு அமர்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கணுவில் ஒரே இலையா, எதிரெதிராக இரண்டா, சுற்றிலும் மூன்றா? இந்த ஒரு கேள்வியே பாதி வழக்கைத் தீர்த்துவிடும்.

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். 1960-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் நம் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட மலர் அது. புங்கா ராயா என்று மலாய் மொழியில் வழங்குகிறது. அதில் ஒரு கணுவிற்கு ஓர் இலை. இலையின் ஓரம் பல்பல்லாக வெட்டுண்டிருக்கும். பூவின் நடுவிலிருந்து ஒரு நீண்ட தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; மகரந்தமெல்லாம் அந்தத் தண்டின்மேல் ஒட்டியிருக்கும். இந்தத் தண்டு இல்லாத பூ எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் செம்பருத்தி ஆகாது. இதழ்கள் கடைசிவரை விரியாமல் சுருண்டே தொங்கும் ஓர் உறவினச் செடியும் உண்டு. அதிலும் அந்தத் தண்டு முனையில் எட்டிப்பார்க்கும். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வழுவழுப்பு வரும். நம் பெண்கள் அதனைத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பதும் அந்த வழுவழுப்புக்காகத்தான். நாம் தேடும் செடியிலும் கணுவிற்கு ஓர் இலைதான். ஆனால், தண்டும் இல்லை, வழுவழுப்பும் இல்லை. எனவே செம்பருத்தி விலகுகிறது.

அடுத்து வெட்சி. இட்லிப்பூ என்று தமிழகத்தில் பரவலாகச் சொல்வார்கள். பழந்தமிழர் பகைவரின் ஆநிரையைக் கவரச் சென்றபோது சூடிய மலர் இதுவே. அந்தப் போர் ஒழுக்கத்திற்கே வெட்சித்திணை என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் தெச்சி, செத்தி என்பர். கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவர் முதலானோரின் துணையுடன் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சிட்ட 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் பெருநூலில் வெட்சியும் செம்பருத்தியும் படத்துடன் இடம்பெற்றிருக்கின்றன. வெட்சிக்கு அறிவியலார் இட்ட இக்சோரா என்னும் பெயர், ஈசுவரன் என்ற சொல்லைப் போர்த்துக்கீசியர் உச்சரித்த விதத்திலிருந்து வந்தது. இறைவனுக்கு அணிவிக்கும் பூ என்பதால் அப்பெயர். சீமையிலிருந்து வந்த பெயர்போல் ஒலிக்கிறது. உள்ளே இருப்பவர் நம் சிவபெருமான்!

வெட்சியின் அடையாளம் எளிது. இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாக அமையும். பூவின் இதழ்கள் நான்கு, ஐந்து அன்று. அந்நான்கும் அடியில் ஒன்றுசேர்ந்து, தையலூசி போன்ற மெல்லிய நீண்ட குழலாகும். அந்தக் குழலின் அடியை உறிஞ்சித் தேன் குடிக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டோ? அதுதான் நாம் கவலைப்படும் இடமும்கூட. வெட்சி என்று நினைத்து வேறொரு சிவப்புப் பூவை வாயில் வைக்கும் பிள்ளைக்கு இலையை எண்ணத் தெரியாது. நாம் தேடும் செடியில் இதழ்கள் ஐந்து, தனித்தனியாகப் பிரிந்தவை, நீண்ட குழல் இல்லை. வெட்சியும் விலகுகிறது.

மூன்றாவது அரளி. இதனைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அரளியில் ஒரு கணுவைச் சுற்றிப் பெரும்பாலும் மூன்று இலைகள் இருக்கும். இலை நீண்டு, ஒடுங்கி, தோல்போல் தடித்து, நடுநரம்பு எடுப்பாகத் தெரியும். காய் இரண்டு இரண்டாக, நீண்ட நெற்றுப்போல் தொங்கும். முற்றி வெடித்தால் பஞ்சு ஒட்டிய விதைகள் பறக்கும். இச்செடியில் வேர், பட்டை, இலை, பூ, விதை யாவும் நஞ்சு. அந்நஞ்சு வயிற்றோடு நிற்பதன்று. இதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும். அரளிக் குச்சியை அடுப்பெரிக்கப் பயன்படுத்துவதும் தவறு; அதன் புகையும் தீங்கு செய்யும். சூத்திரகரின் மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தில், கொலைக்களத்திற்கு இட்டுச் செல்லப்படும் சாருதத்தனின் கழுத்தில் செவ்வரளி மாலையே போடப்படுகிறது. முன்னோர் இந்தப் பூவின் குணத்தை அறியாதவர்கள் அல்லர்.

ஆனால், அறிந்ததை மறப்பதும் எளிதாகிவிடுகிறது. 2024-ஆம் ஆண்டு கேரளத்தில், வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஓர் இளம் செவிலியர் உடல்நலம் குன்றி இறந்தார். பேச்சுக்கிடையே கைக்கெட்டிய அரளி இலையை அறியாமல் மென்றதே காரணமாயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசுவம் வாரியமும் மலபார் தேவசுவம் வாரியமும் தங்கள் நிர்வாகத்திலுள்ள கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கலாகாது என்று அறிவித்தன. அதற்குப் பதிலாகச் சொல்லப்பட்ட மலர்களுள் துளசி, மல்லிகை ஆகியவற்றோடு நாம் சற்று முன் பார்த்த தெச்சியும் ஒன்று. நம் தோட்டத்து மாரியம்மன் கோயில்களிலும் அரளி மாலை சாத்துவதுண்டு. மாலையாகச் சாத்துவதில் தவறில்லை. பொங்கல் தட்டின்மேலோ, பிரசாதத்தின்மேலோ, தீர்த்தச் செம்பினுள்ளோ அது விழாதபடி பார்த்துக்கொள்ளுமாறு ஆலய நிர்வாகத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் வாசற்செடியில் மூன்று இலைச் சுற்றும் இல்லை, நெற்றும் இல்லை. ஆகவே அது அரளியும் அன்று.

அப்படியாயின் அது எது? இந்த இடத்தில் உங்கள் தொழிலே உங்களுக்குத் துணை நிற்கிறது. பால்வெட்டுத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் எந்தச் செடியைக் கண்டாலும் முதலில் ஒரு கிளையை ஒடித்துப் பால் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அது நல்ல வழக்கமே. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, எல்லாப் பாலும் பால் மரத்தின் பால் ஆகா. நாள்தோறும் மங்கிலும் வாளியிலும் பாலோடு புழங்கிய கை, மற்றச் செடியின் பாலையும் துணிச்சலாகத் தொட்டுவிடும். முட்கள் நிறைந்து, சிறு சிவப்புப் பூக்களுடன் தொட்டிகளில் நிற்கும் கிறிஸ்து முள் செடியின் வெண்பால் தோலை எரிக்கும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும். மற்றது, பாலை மட்டும் நம்பினால் நம் வாசற்செடி ஏமாற்றிவிடும். அதன் கிளையை ஒடித்தால் சாறு கசியும். ஆனால் பால் மரத்தில் போலக் கெட்டியாய் வெள்ளையாய் வழிந்தோடாது. நீர்த்த சாற்றைக் கண்டு, இது பால்செடி அன்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

காயைப் பாருங்கள். பூக்கொத்து உதிர்ந்த இடத்தில் ஒரு சில பச்சைக் காய்கள் நின்றிருக்கும். சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தால் மூன்று புடைப்புகள் தெரியும், மூன்று அறைகள், அறைக்கு ஒரு விதை. முற்றி உலர்ந்தால் வெடித்து விதை தெறிக்கும். இத்தகைய காயை நீங்கள் எங்கே கண்டிருக்கிறீர்கள்? ஆண்டின் பிற்பாதியில் நிரைகளுக்கிடையே வேலை செய்கையில் தலைக்குமேல் பட்டென்று வெடித்து விழுமே, அந்த ரப்பர்க் காயைச் சிறிதாக்கிச் செய்து வைத்தது போன்ற உருவம்! புலித்தோல் புள்ளிபோல் கோலமிட்ட அந்த விதைகளைப் பொறுக்கி விளையாடாத பிள்ளைப்பருவம் தோட்டத்தில் இல்லை. இச்செடியின் விதையும் அந்தச் சாயலைக் கொண்டதே.

ஆம்; நம் வாசலில் பூத்திருக்கும் செந்நிறச் செடி பால் மரத்தின் உறவினச் செடி. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் ஜட்ரோபா இன்டெகெர்ரிமா. நம் ஊர்ப்புறத்துக் காட்டாமணக்கு இருக்கிறதே, அதன் உடன்பிறப்பு. பிறந்த இடம் அமெரிக்கக் கண்டங்களுக்கு இடையே கிடக்கும் கியூபாத் தீவு. பதினெட்டாம் நூற்றாண்டில் அத்தீவுப் பகுதிகளில் செடிகளைத் தேடித் திரிந்த ஜாக்குவின் என்னும் அறிஞர் இதற்குப் பெயர் வைத்தார். பெயரின் இரண்டாவது பகுதிக்கு, பிளவே இல்லாத முழு இலை என்பது பொருள். வேடிக்கை என்னவென்றால், ஒரே செடியில் முழு இலையும் இருக்கும். இடுப்பு ஒடுங்கி, பக்கவாட்டில் கூர்முனை நீட்டிய பிடில் வடிவ இலையும் இருக்கும். பெயர் வைத்தவர் முழு இலையைக் கண்டு பெயர் வைத்துவிட்டார் போலும். செடி அதனைப் பொருட்படுத்தவில்லை. இலை வடிவம் மாறுவதைக் கண்டு, இவை இரண்டு செடிகள் என்று வாதிடுவோரும் உண்டு. அவர்கள் காயைப் பார்த்தால் வழக்கு முடிந்துவிடும்.

பூவிலும் உறவு தெரியும். ஒரே கொத்தில் ஆண்பூக்கள் பலவும் பெண்பூக்கள் சிலவுமாகத் தனித்தனியே இருக்கும். பெண்பூவில்தான் காய் பிடிக்கும். கொத்துக்கு ஓரிரு காய்களே நிற்பதன் காரணம் இதுதான். பால் மரத்தின் பூவும் இவ்வாறே ஆண், பெண் எனப் பிரிந்தது; ஆயினும் அதற்கு இதழே இல்லை; சிறியதாய், மஞ்சளாய், மணமுள்ளதாய் உச்சிக்கிளையில் பூத்து உதிர்ந்துவிடும். அழகெல்லாம் இளையவளுக்குப் போய்விட்டது. உழைப்பெல்லாம் மூத்தவளுக்கு வந்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

இருவரும் இந்த மண்ணுக்கு வெளியே பிறந்தவர்கள்தாம். 1876-ஆம் ஆண்டு விக்காம் என்னும் ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் சில ஆயிரமே முளைத்தன. பெரும்பங்கு கன்றுகள் இலங்கைக்குச் சென்றன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் அம்மரத்திற்கு உழைக்க நம் முன்னோர் கப்பலேறினர். பூச்செடிகளும் அவ்வாறே தோட்டத்திலிருந்து தோட்டத்திற்கும், நாட்டிலிருந்து நாட்டிற்கும் கைமாறின. வேற்று நாட்டிலிருந்து வந்த செடிக்கு நம் பாட்டிமார் வைத்த பெயர் இருக்க வழியில்லை. பெயர் இல்லாத செடிக்குத் தெரிந்த ஒரு பெயரைச் சூட்டிவிடுவது மனித இயல்பு. அங்கேதான் இடர் தொடங்குகிறது. வெட்சிப்பூவையும் செம்பருத்திப்பூவையும் கைவைத்தியத்துக்கும் எண்ணெய் காய்ச்சுவதற்கும் பயன்படுத்தும் வழக்கம் நமக்குண்டு. இச்செடியை ‘வெட்சி’ என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால், அடுத்த வீட்டுப் பாட்டி அதனைப் பறித்துக் கொதிக்க வைக்க எவ்வளவு நேரமாகும்?

ஆமணக்குக் குடும்பம் பெரிய குடும்பம். ஆமணக்கு, காட்டாமணக்கு, மரவள்ளி, பால் மரம், வேலியோரத்துக் குரோட்டன் யாவும் அதைச் சேர்ந்தவை. இவற்றுள் நல்லதும் உண்டு, கொல்வதும் உண்டு. சில வேளைகளில் இரண்டும் ஒரே செடியில் உண்டு. ஆமணக்கு எண்ணெய் பிள்ளைக்கு மருந்து. அதே விதையை மென்று விழுங்கினால் கொடிய நஞ்சு. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி இல்லாமல் தவித்த தோட்ட மக்களின் உயிரைக் காத்தது மரவள்ளிக் கிழங்கு. ஆனால் அதனைப் பச்சையாகத் தின்னலாகாது என்பதை அன்றைய தாய்மார்கள் அறிந்திருந்தார்கள். தோலுரித்து, நீரில் கிடத்தி, நன்கு வேகவைத்த பின்னரே பிள்ளைக்குக் கொடுத்தார்கள். ரப்பர் விதையும் பச்சையாக உண்ணத்தக்கதன்று.

வாசற்செடியின் விதை பற்றி ஐயத்திற்கு இடமில்லை, அது நஞ்சு. அதன் உடன்பிறப்பான காட்டாமணக்கின் விதையை நிலக்கடலை என்று எண்ணித் தின்ற பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகள் இந்தியாவில் பலமுறை நடந்துள்ளன. இரண்டாயிரமாம் ஆண்டை அடுத்த காலத்தில், டீசலுக்கு மாற்றாக எண்ணெய் எடுக்கலாம் என்ற ஆர்வத்தால் இந்தியாவில் காட்டாமணக்கு பெரும் பரப்பில் நடப்பட்டது. எண்ணெய்க் கனவு அவ்வளவாகப் பலிக்கவில்லை, செடிகள் நின்றுவிட்டன. விதையின் சுவை முதலில் கசக்காது, அதுவே ஆபத்து. ஒன்றைத் தின்ற பிள்ளை இன்னொன்றையும் தின்னும். சில மணி நேரத்திற்குள் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். உடலிலுள்ள நீர் வற்றிச் சிறு பிள்ளைகள் சோர்ந்து விழுவார்கள்.

இவ்வகையில் வேறிரு செடிகளும் பூந்தொட்டிகளில் உண்டு. அடித்தண்டு குடம்போல் புடைத்து, உச்சியில் செம்பவளக் கொத்துப்போல் பூப்பது ஒன்று.  மரவள்ளி இலையைவிட நுணுக்கமாகப் பல விரல்களாகப் பிளந்த இலையுடன், அதே பவளநிறப் பூவுடன் நிற்பது மற்றொன்று. இவற்றின் காயும் மூன்று புடைப்புடையதே, விதைகளும் நஞ்சே. ஆகவே பெயர் நினைவில் நில்லாவிட்டாலும், மூன்று புடைப்புக் காயை நினைவில் கொள்ளுங்கள். பூந்தொட்டியில் அத்தகைய காயைக் கண்டால், அது பிள்ளை கைக்கு உரியதன்று.

ஊர்ப்பெயர்கள் நம்மைக் கைவிடும் இடம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அரளி என்றால் செவ்வரளியும் உண்டு. மஞ்சள் பூக்கும் பொன்னரளியும் உண்டு. கோயில் முற்றத்தில் நிற்கும் ஈழத்தலரியும் உண்டு. மூன்றும் வெவ்வேறு செடிகள். மலாய் மொழியில் ஜாராக் என்பதும் அவ்வாறே பல செடிகளுக்குப் பொது. இக்குழப்பத்தைத் தீர்க்கவே சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டினார். நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கையில், ‘அரளி தின்றுவிட்டான்’ என்று சொல்வதைவிட, தின்ற செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துச் செல்வது நூறு மடங்கு மேல்.

பெயர் தெரியாத வேறு செடிகள் உங்கள் வாசலில் இருந்தால் கேட்டறிய இடம் தூரத்தில் இல்லை. நம் சிலாங்கூரிலேயே, கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. ஈயம் தோண்டிப் பாழாகிக் கிடந்த நிலத்தில் மரம் நட்டுக் காடாக்கிய இடம் அது; 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. உலர்த்திய செடி மாதிரிகளை ஆயிரக்கணக்கில் அங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். மாதிரி எடுப்பது கடினமான வேலை அன்று. பூவும் இலையும், கிடைத்தால் காயும் உள்ள ஒரு முழங்கை நீளக் கிளையை வெட்டி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே விரித்து வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி, நாளுக்கொரு முறை தாளை மாற்றி உலர்த்த வேண்டும். எங்கே, எந்த நாளில் எடுத்தது, செடி எவ்வளவு உயரம், பச்சையாக இருந்தபோது பூவின் நிறம் என்ன, சாறு எப்படி இருந்தது என்பவற்றை ஒரு சீட்டில் எழுதி உடன் வைக்க வேண்டும். உலர்ந்த பூ நிறம் மாறிவிடும். ஆகவே சீட்டு இல்லாத கிளை பாதி ஊமை.

இன்றைய இளைஞர்கள் கைப்பேசியில் படம் பிடித்தவுடனே பெயர் சொல்லும் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். அதனையும் நாம் குறைசொல்ல மாட்டோம். பூவை மட்டும் பிடிக்காமல், இலை அமர்ந்திருக்கும் கணுவையும் காயையும் பிடித்தால் விடை சரியாக வர வாய்ப்பு மிகுதி. ஆனால், செயலி சொன்ன பெயரை நம்பி எதனையும் வாயில் வைக்கலாகாது.

பிள்ளை விதையைத் தின்றுவிட்டால் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வாயில் எஞ்சியிருப்பதை எடுத்துவிட்டு வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். விரலை விட்டோ, உப்புநீர் கொடுத்தோ, புளி கரைத்துக் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பெரியவர்கள் வழக்கமாகச் செய்வது அது. நன்மையைவிடத் தீமையே மிகுதி. ‘நன்றாகத்தானே இருக்கிறான், நாளைக்குப் பார்க்கலாம்’ என்று காத்திருக்காமல் உடனே அருகிலுள்ள மருந்தகத்திற்கோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ கொண்டு செல்லுங்கள். வண்டி இல்லையேல் 999 என்ற எண்ணை அழையுங்கள். செடியின் கிளையும் காயும் உடன் போகட்டும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நஞ்சு மையம் ஒன்று இயங்குகிறது; மருத்துவர்கள் அங்கே கேட்டு விவரம் அறிய முடியும். செடியின் சாறு கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிய பிறகே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

‘அப்படியானால் இச்செடியை வெட்டி எறிந்துவிடலாமா?’ என்று தாய்மார்கள் கேட்பது எமக்குக் கேட்கிறது. வேண்டியதில்லை என்பதே எமது கருத்து. வெட்டுவதானால் அரளியையும் ஆமணக்கையும் வேலியோரத்துப் பாதிச் செடிகளையும் வெட்ட வேண்டிவரும், வாசல் மொட்டையாகிவிடும். தவழும் பிள்ளையும் நடைபழகும் பிள்ளையும் உள்ள வீட்டில் மட்டும் செடியைத் தொட்டியோடு வேலிக்கு வெளிப்புறம் மாற்றி வையுங்கள். மற்ற வீடுகளில், பூ உதிர்ந்தவுடன் கொத்தின் காம்பைக் கத்தரித்துவிட்டால் காய் பிடிக்காது. புதுக் கிளை விட்டு முன்னிலும் அதிகமாகப் பூக்கும். கத்தரிக்கும்போது பழைய கையுறை ஒன்றை அணிந்துகொள்ளுங்கள். வெட்டிய கொத்துகளை ஆடு, கோழி மேயும் இடத்தில் போடாமல் குழியில் இட்டு மூடுங்கள். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே சமையலறைக்குள் செல்லுங்கள். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளை ஒரு நாள் செடியின் அருகே அழைத்து, மூன்று புடைப்புக் காயைக் காட்டி, இதனைத் தொடலாம், தின்னலாகாது என்று சொல்லிவையுங்கள். ரப்பர்க் காயையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.